உடுவிலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு, பவுடர் பூசிய முகத்தோடு

யாழ்ப்பாணத்தில் எந்தக் கோயிலுக்கு எப்படிப் போவது என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். வருத்தக்காரக் கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போவது பற்றி ஒருவரும் எழுதக் காணோம். ஆகவே நான் எழுதுகிறேன்.

1993. என் பேத்தி பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்கு, அதாவது பிள்ளைப்பேற்றுத் தீட்டு, கழிந்த அடுத்த நாள். பிறந்தபோதே வலது நெற்றியிலும் கண்மடலிலும் பீற்றூட் சாறு சிந்தியதுபோல் ஒரு சிவந்த மறு. பிறகு இடது கை வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கியது. உடனே கொண்டுபோவோம் என்றேன். துடக்குக் கழியாமல் வாசல் படலை தாண்டக்கூடாது என்றார் சம்பந்தியம்மா, மருமகனின் தாய். மறுவுக்கும் அவரிடம் காரணம் இருந்தது: கிரகணத்தன்று என் மகள் சாந்தி நெற்றியைச் சொறிந்தாளாம். சாந்தியும் அதை நம்பத் தொடங்கியிருந்தாள். சோறு இறங்கவில்லை.

காலை ஏழு மணிக்குச் சாந்தியும் சம்பந்தியம்மாவும் நானும் குழந்தையோடு புறப்பட்டோம். மருதனார்மடத்தில் காங்கேசன்துறை வீதியைப் பிடித்தால் பட்டினம் ஐந்து மைல். போர்க்காலம், பெற்றோலுக்குத் தடை, வாடகைக் கார் மண்ணெண்ணெயில் ஓடியது. கொக்குவிலில் குழந்தைக்குக் கை இழுத்தது.

"நிப்பாட்டும் தம்பி" என்றேன் சாரதியிடம்.

"நிப்பாட்டினால் நீங்கள்தான் தள்ளவேணும், ஐயா. ஸ்ராட் எடுக்கப் பெற்றோல் ஒரு மூடிதான் கிடக்கு."

"தள்ளுறன். நிப்பாட்டும்."

இழுப்பு அடங்கியது. சனம் கூடிவிட்டது. நான் காரைத் தள்ளிய நேரத்தில் சம்பந்தியம்மா வேலையைக் காட்டிவிட்டார். குழந்தையின் முகம் முழுக்கப் பவுடர். மறுவின்மேல் அப்பளம் அளவில் ஒரு கறுத்த பொட்டு.

"பொம்பிளைப் பிள்ளை. சனம் கண்டால் நாளைக்கு ஆர் கட்டுவான்?"

"முதல் பல்லு முளைக்கட்டும்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் நெரிசல். டொக்டரம்மா பார்த்த நேரம் பிள்ளை நன்றாக நித்திரை. "உடம்பிலை ஏதும் அடையாளம் இருக்கோ?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை, டொக்டர்" என்றார் சம்பந்தியம்மா.

சால்வையைத் தண்ணீரில் நனைத்துக் குழந்தையின் நெற்றியைத் துடைத்தேன். சம்பந்தியம்மா என் கையைப் பிடித்தார். நான் துடைப்பதை விடவில்லை. டொக்டரம்மா கதிரையை விட்டு எழும்பினார்.

"எந்தக் கை இழுக்குது?"

"இடது."

"மறு வலப்பக்கம், இழுப்பு இடப்பக்கம். ரண்டும் ஒரே வருத்தம். தோலிலை தெரியிற இந்த இரத்தக்குழாய்க் கோளாறு உள்ளுக்கை வலப்பக்க மூளையிலையும் இருக்கும். இடக் கையை ஆட்டுறது அந்தப் பக்க மூளைதான். அரிதாய்த்தான் வாறது. கண்ணையும் பாக்கவேணும். வாட்டிலை வைச்சிருப்பம்."

சாந்தி முதல்முறையாக வாய் திறந்தாள். "நான் சொறிஞ்சதாலையோ, டொக்டர்?"

"இல்லைப் பிள்ளை. உம்மாலை வந்ததில்லை. கருவிலை தானாய் வாறது."

"மாமிக்கும் கேக்கிறமாதிரி ஒருக்காச் சொல்லுங்கோ."

டொக்டரம்மா சத்தமாகச் சொன்னார். சம்பந்தியம்மா யன்னலைப் பார்த்தார். கடைசிவரை அவருக்குக் கிரகணம்தான். நானும் அந்த வீட்டில் பிறகு தேத்தண்ணி குடித்ததில்லை. பேத்தி இன்றும் மருந்து எடுக்கிறாள். இடது கையில் பலம் குறைவு.

இப்படிப் போகிறவர்களுக்கு: துடக்குக் கழியட்டும் என்று இருக்காதீர்கள். எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்து வையுங்கள். பவுடர், பொட்டு வேண்டாம். காரில் யன்னல் பக்கம் இருங்கள், பிள்ளைக்குக் காற்றுப் படும். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டிப் பிள்ளையை விட்டபின் வீடு திரும்பும்போது சாந்தி அப்படித்தான் இருந்தாள். தட்டாதெருவில் கார் மறுபடி நின்றது. சனம் எட்டிப் பார்த்தது. பிள்ளையின் முகத்தை மூடு என்று சம்பந்தியம்மா சீலைத் துண்டை நீட்டினார். சாந்தி வாங்கவில்லை.

"பாக்கட்டும்" என்றாள். "நீங்கள் தள்ளுங்கோ, அப்பா."