பசு ஏறிய பிறகே கன்று

ஆற்றைக் கடக்க மனிதரையும் வாகனத்தையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். இரும்பில் செய்த பாதை பிறகு வந்தது. கங்கை என்று நாங்கள் சொல்லும் எங்கள் ஆற்றில் முதலில் ஓடியதை நான் அறிவேன். இரண்டு பெரிய வள்ளங்களைப் பிணைத்து மேலே பலகை அடித்திருந்தார்கள். கரைக்குக் கரை கட்டிய தடித்த கயிற்றை நாலைந்து பேர் பிடித்து இழுத்துத்தான் அக்கரை சேர்க்க வேண்டும். ஒரு பஸ்ஸும் கொஞ்சச் சனமும் ஏறினால் இடம் முடிந்துவிடும்.

மாடு ஏற்றுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். கன்றை முதலில் ஏற்றினால் தாய் தானாகப் பின்னால் வருமாம். அது பிழை என்று காட்டியது என் பசு.

நான் கிளிவெட்டியில் பிறந்து, கங்கைக்கு அக்கரையில் வாழ்க்கைப்பட்டவள். சீதனமாகச் சொன்ன பசுவைக் கல்யாணமாகி மூன்றாம் மாதம்தான் அப்பா தந்தார். தலையீற்றுப் பசு, கன்றுக்கு இருபது நாள்கூட ஆகவில்லை. பசு வரும், பசு வரும் என்று மாமியிடம் மூன்று மாதமாகச் சொல்லி வந்தவள் நான். வெறுங்கையோடு அந்த வீட்டுக்குள் போக எனக்கு மனமில்லை.

கன்றை வண்டியில் ஏற்றி, பசுவைப் பின்னால் கட்டி, நானும் என் கணவரும் துறைக்கு வந்தோம். மழை விட்ட கிழமை. ஆறு கலங்கி ஓடியது. பாதையில் பஸ் ஏறி நின்றது. கன்றைத் தூக்கிக்கொண்டு நான் ஏறினேன். அவர் இழுத்து வந்த பசு பலகையில் கால் வைக்காமல் மணலில் ஊன்றி நின்றது. பொறுமை கெட்ட பஸ் சாரதி ஹோன் அடித்தார். பசு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. அவரும் பின்னால் ஓடினார். பாதையை நடத்திய கிண்ணியா முஸ்லிம் மனிதர், எல்லாரும் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுபவர், அடுத்த முறை ஏற்றலாம் என்று சொல்லிக் கட்டை அவிழ்த்துவிட்டார். நான் இறங்குவதற்குள் கரை விலகிவிட்டது.

கொஞ்சத் தூரம் போனதும் கன்று கத்தியது. மேட்டில் நின்ற பசு திரும்பி ஓடிவந்து ஆற்றில் பாய்ந்தது. பஸ் சனம் சிரித்தது.

"டிக்கட் எடுக்காமக் கடக்கப் பாக்குது மச்சான்," என்றார் ஒருவர்.

பசு எங்களை நோக்கி நீந்த நீந்த, நீரோட்டம் அதைக் கீழே தள்ளியது. கீழே முகத்துவாரம்; அதற்கப்பால் கடல்.

"நடு ஆத்தில நிப்பாட்ட ஏலாது புள்ள. கயிறு தாங்காது," என்றார் காக்கா, நான் கேட்கும் முன்பே.

"நிப்பாட்ட வேணாம். கெதியா இழுங்க காக்கா. நான் கரையால கீழ போய்க் கன்றக் காட்டுறன்."

பிறகு பஸ் சனத்தின் பக்கம் திரும்பினேன்.

"சிரிச்ச ஆக்கள் எல்லாரும் வந்து கயித்தப் பிடிங்க."

கண்டக்டர்தான் முதலில் வந்தார். டிக்கட் பகிடி விட்டவரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பாதை அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை.

கரை தட்டியதும் கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு தாழம்பற்றைகளுக்குள்ளால் ஓடினேன். கீழே ஆறு வளைகிற இடத்தில் ஒரு மணல்திட்டு உண்டு. அங்கே முழங்கால் தண்ணீரில் கன்றை நிறுத்தி அதன் காதைக் கிள்ளினேன். கன்று கதறியது. தண்ணீருக்கு மேல் பசுவின் மூக்கும் கொம்பும்தான் தெரிந்தன. அந்தக் கொம்பு மெல்லத் திரும்பியது. இப்போது நீரோட்டத்தோடு சேர்ந்து சரிவாக வந்தது. மணலில் கால் பட்டதும் முழந்தாளிட்டு விழுந்து, எழும்பி, நேரே கன்றிடம் வந்து நக்கத் தொடங்கியது. நான் தண்ணீரிலேயே இருந்துவிட்டேன்.

அடுத்த முறைப் பாதையில் அவர் வந்தார். பசுவின் நாலு காலையும் தடவிப் பார்த்தார். காக்காவும் கூட வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இனி என்ட பாதையில தாய்ட முன்னங்கால் ரெண்டும் ஏறாமக் கன்று ஏறாது."

இரும்புப் பாதை வந்து வேறு ஆட்கள் வேலை செய்த காலத்திலும் தாயைத்தான் முதலில் ஏற்றச் சொன்னார்கள். யாருடைய பசுவால் வந்த ஒழுங்கு என்று அவர்களுக்குத் தெரியாது.

அன்று பின்னேரம் வீடு போய்ச் சேர்ந்தோம். மாமி பசுவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. ஏன் இப்படி நனைந்திருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

"கங்கையில குளிப்பாட்டிக் கொண்டு வந்தனான் மாமி," என்றேன்.