காப்பர் டி நெஞ்சுக்கு ஏறுமா

பிளஸ் டூவில் கருத்தடைப் பாடம் வந்தபோது, "இதை ஊட்டுல படிச்சுக்குங்க" என்று டீச்சர் பக்கத்தைப் புரட்டிவிட்டார். நாங்கள் போனில் படித்தோம். மிச்சத்தைத் தேயிலை எஸ்டேட் பேச்சு நிரப்பியது. காப்பர் டி போட்டவள் கொழுந்து மூட்டையோடு மேடு ஏறினால் அது நெஞ்சுக்கு ஏறிவிடும் என்பது எங்கள் லைன் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த சேதி. நான் நம்பவில்லை. கருப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழி ஏது?

பத்தொன்பது வயது அக்கா நம்பினாள். பிரசவம் முடிந்ததும் ஆஸ்பத்திரியில் காப்பர் டி போட்டுவிட்டார்கள். கேட்டார்களாம், வலியில் தலையாட்டினாளாம். மறுபடி கொழுந்து பறிக்கப் போனதிலிருந்து விலாவில் குத்தல். "எடுத்துரலாம்" என்றார் மாமியார். அடுத்த பேரப்பிள்ளை மேல் அவருக்கு ஆசை. அக்காவுக்கோ, பாதியில் நின்ற நர்சிங் படிப்பை முடிக்கும்வரை இன்னொரு பிள்ளை வேண்டாம். எடுத்தால் படிப்பு போச்சு, எடுக்காவிட்டால் உயிரே போய்விடுமோ என்ற பயம்.

குழந்தையையும் தூக்கிக்கொண்டு மஞ்சூரிலிருந்து குன்னூருக்கு பஸ் ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் அக்கா நெஞ்சைப் பிடித்தாள்.

"ஏறுதுடி."

"அது பஸ் குமட்டல்க்கா."

"பெரிய டாக்டரு. மொதல்ல பரீட்சையில பாஸாகு" என்றார் மாமியார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அறைக்குள் ஒருவர்தான் துணைக்குப் போகலாம். அக்கா என் கையைப் பிடித்தாள். மாமியார் குழந்தையோடு வெளியே இருந்தார்.

டாக்டரம்மா பரிசோதித்தார். "இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு. விலா வலி மூட்டை தூக்குற பிடிப்பு. எடுக்கணுமா, இருக்கட்டுமா?"

"அத்தை எடுக்கச் சொன்னாங்க."

"அத்தைக்கா போட்டிருக்கு?"

நான் வாயைத் திறந்தேன். "உன்னைக் கேக்கலை பாப்பா" என்றார்.

அக்கா தரையையே பார்த்தாள். "மேல ஏறாதுங்களா?"

"மூட்டை தூக்கினாலும் ஏறாது. பிள்ளை வேணும்னு தோணுறப்ப வா, எடுத்துடலாம்."

"அவரு கையெழுத்து?"

"வேண்டாம். நீ சொன்னா போதும்."

துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"இருக்கட்டுங்க."

வெளியே மாமியார் எழுந்தார். "எடுத்தாச்சா?"

ஒரு பொய் எனக்கு நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதற்குள் அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டாள். "இல்லீங்க அத்தை. நாந்தான் வேண்டாம்னுட்டேன்."

 திரும்பும் பஸ்ஸில் மாமியார் தனியாக முன் சீட்டில் உட்கார்ந்து, மகனுக்கு அடிக்கப் போனை வெளியே எடுத்தார். அக்கா குழந்தையை என் மடியில் போட்டாள். தன் போனை எடுத்துக் கணவரை அழைத்தாள். கொஞ்ச தூரத்தில் சிக்னல் போய்விடும். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.