மஞ்சள் கவரில் போன கட்டி

"ஆண்டவர் எங்களுக்குச் செய்த நன்மை – மனைவிக்கு மார்பில் கட்டி. தங்கராஜ் குடும்பத்தார், முத்தையாபுரம்."

குருவானவர் இதை மைக்கில் வாசித்தபோது நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தங்கராஜ் சாட்சாத் நான்தான்.

சபை மொத்தமும் "ஆமென்" என்றது.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களைக் குருவானவர் கடகடவென்று வாசிப்பார். நாங்களும் கடகடவென்று ஆமென் போடுவோம். பேரன் பிறந்தான் – ஆமென். மகள் பாஸ் – ஆமென். மார்பில் கட்டி – ஆமென்! அடுத்த கவரைக் கையில் எடுத்த பிறகுதான் குருவானவருக்கே உறைத்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைத் தேடினார். நான் குனிந்து செருப்பைத் தேடினேன். செருப்பு வெளியே கிடக்கிறது என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

நடந்தது இதுதான். எங்கள் கோயில் வாசலில் ஒரு மேஜை உண்டு. அதில் இரண்டு விதமான கவர்கள். வெள்ளைக் கவர் விண்ணப்பத்துக்கு. அதைக் குருவானவர் தன் அறைக்குக் கொண்டுபோய்த் தனியாக ஜெபிப்பார், யாருக்கும் சொல்ல மாட்டார். மஞ்சள் கவர் நன்றி சொல்ல. அதை எல்லார் முன்னாலும் வாசிப்பார்.

இதில் எப்போதும் தீர்ந்துபோவது எந்தக் கவர் என்று நினைக்கிறீர்கள்? வெள்ளைதான்! மஞ்சள் கட்டு பாதிகூடக் குறையாமல் தூசி படிந்து கிடக்கும்.

அன்றும் வெள்ளை இல்லை. ஆராதனைக்கு மணி அடித்துவிட்டது. கவர்தானே... உள்ளே இருக்கிற பேப்பர்தானே முக்கியம்? மஞ்சளில் ஒன்றை உருவினேன். உள்ளே வைக்கப் பேப்பரும் கிடைக்கவில்லை. புள்ளி புள்ளியாக ஒரு கோடு தெரிந்தது, அதன்மேலேயே எழுதிவிட்டேன். கோட்டுக்கு முன்னால் 'ஆண்டவர் எங்களுக்குச் செய்த நன்மை' என்று அச்சடித்திருந்ததை நான் பார்க்கவே இல்லை.

இந்த லட்சணத்தில் என் வேலை என்ன தெரியுமா? துறைமுகத்தில், சரக்கு கிளியர் செய்யும் ஆபீஸில் டாக்குமென்ட் பார்ப்பது. எந்தக் கன்டெய்னருக்கு எந்தப் பேப்பர் என்று இருபத்தாறு வருஷமாகப் பிறரைத் திட்டிச் சம்பளம் வாங்குகிறேன்.

இதில் உயிர் போகிற விஷயம் ஒன்று இருந்தது. என் மனைவி செல்வி, ஸ்கூலில் கணக்கு டீச்சர். கட்டியைக் கண்டுபிடித்து மூன்று வாரம். ஊசி போட்டுச் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. ரிசல்ட் வியாழக்கிழமை. "ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. நாசரேத்துல இருக்க எங்க அக்காவுக்குக்கூட மூச்சு விடக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மூன்று வாரமாக வீட்டில் பேச்சில்லை, சிரிப்பில்லை. இரண்டு பேரும் டிவியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கோ பயத்தை உள்ளேயே வைத்திருக்க முடியவில்லை. வெள்ளைக் கவர் என்றால் வெளியே தெரியாது, சொல்லித் தொலைத்துவிடலாம் என்றுதான் போனேன்.

பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். செல்வி முக்காட்டுத் துணியை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாள்! இனி இந்த மனுஷியின் முகத்தில் எப்படி முழிப்பேன்?

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பக்கத்தில் போய், "தெரியாமப் போட்டுட்டேம்ளா" என்றேன்.

நிமிர்ந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். ஆனால்... சிரிப்பு!

"ஏங்க, நான் போனாலும் இப்படித்தான் மஞ்சக் கவர் போடுவீயளோ?"

மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு அது.

அதற்குள் கூட்டம் சூழ்ந்துவிட்டது. பாதிப் பேர் கட்டி கரைந்துபோய்விட்டது, அதற்குத்தான் நன்றி என்று முடிவே செய்துவிட்டார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பெரிய குரலுக்குப் பேர் போன ஜெபக்கனி அக்கா ஓடிவந்து செல்வியைக் கட்டிப்பிடித்தார். "கட்டியத் தூக்கி எறிஞ்சிட்டாரே எங்கப்பன்!" செல்வி, "இல்லக்கா, அங்கனயேதான் இருக்கு" என்றாள். "இருக்கட்டும், அதுக்கும் ஸ்தோத்திரம்!" என்றார் அக்கா. மீதிப் பாதிப் பேர் என்னைப் பெரிய விசுவாச வீரனாக்கிவிட்டார்கள். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் நான் சாட்சி சொல்ல வேண்டுமாம்!

சாயந்திரம் குருவானவர் வீட்டுக்கு வந்தார். பாவம், என்னைவிட இளையவர், முகம் வாடியிருந்தது. "அண்ணே, நானும் யோசிக்காம வாசிச்சிட்டேன். சபையும் ஆமென் சொல்லிட்டு. என்ன செய்ய?" துறைமுகம் என்றால் திருத்தம் கொடுத்துச் சரக்கைத் திருப்பிவிடலாம். பரலோகத்துக்குப் போன பேப்பரை யாரிடம் போய்த் திருப்புவது?

மறுநாள் தெருமுனைக் கடை அண்ணாச்சி கேட்டார். "கட்டி வந்ததுக்கு நன்றி சொன்னீயளாமே? எங்க முருகங்கிட்ட அப்படிச் சொன்னா, பய நக்கல் பண்ணுதான்னுலா நெனைப்பாரு!" எனக்கும் அதே சந்தேகம்தான்.

செவ்வாய்க்கிழமை ஜெபக்கனி அக்கா மறுபடி வந்தார். கையில் அரைக் கிலோ முந்திரி மக்ரூன். போச்சு, இன்னொரு கச்சேரி என்று நான் பேப்பருக்குள் ஒளிந்தேன். அக்கா நேராக அடுக்களைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு மணி நேரம் சத்தமே இல்லை. அந்த அக்கா இருக்கும் இடத்தில் சத்தம் இல்லையென்றால் பயப்படத்தானே வேண்டும்?

அவர் போன பிறகு செல்வி சொன்னாள். "அக்காவுக்கும் இதேதானாம். ஆறு வருசத்துக்கு முன்னால மதுரையில போய் ஆப்பரேஷன் பண்ணிட்டு, மக வீட்டுக்குப் போயிருந்தேன்னு சொல்லிட்டாவளாம். சபையில ஒருத்தருக்கும் தெரியாது. தழும்பக் காட்டுனாவ." மக்ரூனில் ஒன்றை என்னிடம் நீட்டிக்கொண்டே, "வியாழக்கிழமை கூட வாராவளாம்" என்றாள். மூன்று வாரமாக நான் கொடுக்க முடியாத தைரியத்தை அந்தச் சத்தக்காரி ஒரு மணி நேரத்தில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

வியாழக்கிழமை ரிசல்ட் வந்தது. கேன்சர்தான். ஆரம்பம், ஆப்பரேஷன் செய்தால் நல்ல நம்பிக்கை இருக்கிறது என்றார் டாக்டர். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். செல்வி ஒரு பக்கமும் ஜெபக்கனி அக்கா ஒரு பக்கமும் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். நோயாளி யார் என்று நர்ஸுக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

புதன்கிழமை நான் போகாவிட்டாலும், மஞ்சள் கவர் சொன்ன 'சாட்சி'க்குப் பலன் இல்லாமல் போகவில்லை. அடுத்த ஞாயிறே ஒருவர் மூட்டுவலிக்கும், இன்னொருவர் ஓடாத மோட்டாருக்கும் மஞ்சள் கவர் போட்டார்கள். குருவானவர் வாசித்துக்கொண்டே என்னை முறைத்தார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கட்டிக்கு நன்றி சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இனியும் வராது. ஆண்டவர் கோபித்தாலும் சரி. ஆனால் அந்தக் கதவைச் சாத்திய ஒரு மணி நேரத்துக்கு? அதற்கு எத்தனை மஞ்சள் கவரும் போடுவேன்.

ஆப்பரேஷன் முடிந்தது. இப்போது மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. முடியெல்லாம் கொட்டிவிட்டது. "முக்காடு போட்டா யாருக்குத் தெரியப்போவுது?" என்று சொல்லி, போன ஞாயிறு செல்வி கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். வாசல் மேஜையில் வழக்கம்போல வெள்ளைக் கவர் இல்லை. செல்வி மஞ்சளில் ஒன்றை எடுத்து, அச்சடித்த வரியை எனக்குக் கேட்கும்படி நிதானமாகப் படித்தாள். பிறகு கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள்.

குருவானவர் இப்போதெல்லாம் ஜாக்கிரதை. அந்தக் கவரை மனசுக்குள் இரண்டு தடவை படித்தார். செல்வியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்:

"ஆண்டவர் எங்களுக்குச் செய்த நன்மை – ஒரு கவரைக்கூடப் பார்த்து எடுக்கத் தெரியாத வீட்டுக்காரர்."

இதற்கு மட்டும் சபை இவ்வளவு சத்தமாக ஆமென் போட்டிருக்க வேண்டாம்!