சாமியறையின் காற்றுவாய்

என் மனைவியின் விளக்கை அணைத்தவன் நான்தான்.

தவறுதலாக நடந்தது என்று இரண்டு வருடமாக எனக்கே சொல்லிப் பார்த்தேன். நான் நம்பவில்லை. என்னைப்போன்ற சந்தேகப் பிராணியை ஏமாற்றுவது அவ்வளவு இலகுவா, என்ன?

வதனிக்கு இது தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன். அச்சில் வந்தால் அவள் கண்ணில் படாதா என்று நீங்கள் பதறவேண்டாம். இருபத்தேழு வருட மணவாழ்க்கையில் நான் எழுதிய ஒரு வரியைக்கூட அவள் வாசித்ததில்லை. நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவனோடு குடித்தனமும் நடத்திக்கொண்டு, அவன் எழுதுவதையும் படிக்கவேண்டும் என்றால் அது இரட்டைத் தண்டனை என்பது அவளுடைய வாதம். ஆகவே, ஓர் இரகசியத்தை ஒளித்துவைக்க என் கட்டுரையைவிடப் பாதுகாப்பான இடம் இந்த மொன்றியல் தீவிலேயே கிடையாது.

மன்னிப்புக் கேட்க வந்தவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். ஒரு திரி அணைந்ததால் ஒரு மனிதன் சாகமாட்டான். அன்றும் அதைத்தான் சொன்னேன். இன்றும் அதைத்தான் சொல்கிறேன். பிறகு ஏன் எழுதுகிறாய் என்கிறீர்களா?... பொறுங்கள்.

நாங்கள் கார்ட்டியர்வில்லில் இருக்கிறோம். எங்கள் சொந்தபந்தங்கள் கோடை வந்தால் யன்னலில் ஒரு பெட்டியைச் செருகி, அதற்கு முன்னால் வரிசையாகப் படுக்கிறவர்கள். என் வீட்டிலோ மையக் குளிரூட்டி! பேஸ்மென்டில் ஒரு பெரிய இயந்திரம், பின்வளவில் இன்னொன்று, தரைக்குக் கீழே தகரக் குழாய்கள், ஒவ்வோர் அறையின் தரையிலும் கம்பி போட்ட ஒரு காற்றுவாய். வீடு வாங்கியபோது விற்றவர் சமையலறையைப் பற்றி வதனிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் பேஸ்மென்டில் அந்த இயந்திரத்தின் முன்னால் நின்று காதல்வயப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மே மாதம் பின்வளவு இயந்திரத்தின் குளிர்காலப் போர்வையை அகற்றுவேன். ஜூனில் பொப்ளர் மரங்கள் பஞ்சைப் பறக்கவிடும். அது இயந்திரத்தின் தகடுகளில் கம்பளிபோலப் படிந்து மூச்சை அடைக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தோட்டக் குழாயால் மெல்லக் கழுவவேண்டும். வேகமாக அடித்தால் தகடு வளைந்துவிடும். மாதத்தின் முதல் நாள் பில்டர் மாற்றுவேன். உள்ளே ஊறும் தண்ணீர் வடிகிற குழாயில் பாசி பிடிக்காமல் இருக்க, ஒரு கோப்பை வினாகிரி ஊற்றுவேன். கோயிலுக்குப் போகாத மனுசன் செய்கிற நித்திய பூசை இதுதான் என்பாள் வதனி. மறுக்க என்னால் முடியவில்லை.

அவளுடைய பூசை மேல்மாடியில், படிக்கட்டுக்குப் பக்கத்துச் சின்ன அறையில் நடந்தது. சுவரோடு ஒரு தட்டு, நாலைந்து சாமிப்படங்கள், பித்தளைக் குத்துவிளக்கு. விளக்கின் முன்னால், தரையில், என்னுடைய காற்றுவாய்களில் ஒன்று. இருபக்கத்துத் தெய்வங்களும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு பல வருடம் சமாதானமாக வாழ்ந்தார்கள்.

இரண்டு வருடத்துக்கு முந்திய ஜூலையில் வதனியின் தம்பி நேசன் ஆஸ்பத்திரியில் விழுந்தான்.

நேசன் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்தவன். குடும்பத்தில் என் கட்டுரைகளைப் படித்த ஒரே பிறவி. படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டு, எந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை என்று பத்தி பத்தியாகச் சொல்லுவான். இதய அறுவைச் சிகிச்சை நடந்தது. அது சரியாகத்தான் போனது. பிறகு நுரையீரலில் கிருமி. வாயில் குழாயை வைத்து ஓர் இயந்திரம் அவனுக்காக மூச்சுவிட்டது. இரண்டு விதமாகவும் போகலாம் என்றார் வைத்தியர்.

வதனி நேர்த்தி வைத்தாள். நேசன் வீடு திரும்பும்வரை சாமியறை விளக்கு ஒரு நிமிடமும் அணையக்கூடாது!

அதற்காகக் குளிரூட்டியையே நிறுத்தவேண்டும் என்றாள். வெளியே கொதித்துக்கொண்டிருந்தது. நான் பேச்சுவார்த்தை நடத்தினேன். அந்த ஒரு வாயை மட்டும் அடைத்துவிடுவோம், அறைக்குள் காற்றுப் போகாது, பொறுப்பு என்னுடையது என்றேன். நேசன் கடைசியாகக் கொண்டுவந்து தந்த மாம்பழப் பெட்டியின் அட்டையை அவள் அளவாக வெட்டித் தந்தாள். நான்தான் வெள்ளி நாடாவால் நாலு பக்கமும் ஒட்டினேன். என் கையால்... என் வாக்கின் பேரில்!

நேர்த்தியின் இருபத்துமூன்றாம் நாள் வீட்டில் குளிர் நின்றது. விசிறி ஓடுகிறது, காற்றில்லை. பேஸ்மென்டில் தண்ணீர். இயந்திரத்தின் மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருந்த குழாய்ச்சுருள் முழுக்க வெள்ளைவெளேரென்று ஐஸ். கோடையின் நடுவில் என் வீட்டுக்குள் ஒரு தனி ஜனவரி!

வதனி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். திருத்துகிறவர் வருகிறார், நான் நிற்கவேண்டும் என்றேன். அது உண்மை. அந்தக் குழாயோடு கிடக்கும் நேசனைப் பார்க்க என்னால் முடியவில்லை என்பதும் உண்மை. முதலாவதை மட்டும் சொன்னேன்.

வந்தவர் றொபேட். மன்னார்க்காரர், கிறிஸ்தவர், பங்குக் கோயிலில் பாடகர் குழுவில் பாடுகிறவர், என்னைவிட இளையவர். ஒவ்வோர் அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மகள் திருமணமாகிப் போனபின் பூட்டிக் கிடந்த அறையில் காற்றுவாய் மூடியிருந்தது. வதனிக்குக் கால் குளிரும் என்று எங்கள் படுக்கையறையிலும் மூடியிருந்தது. உச்சம் எதுவென்றால், நடைவழிச் சுவரில் காற்றை உள்ளே இழுக்கிற பெரிய கம்பிவாய்... அதன் மேல் ஒரு பழைய படுக்கைவிரிப்பு! வைகாசியில் மிளகாய் வறுத்துத் தூள் இடித்த அன்று, நெடி வீடு முழுக்க ஏறிவிடும் என்று நாங்கள் இருவரும் சேர்ந்து செருகியது. கழற்ற மறந்துவிட்டோம். மாதம் தவறாமல் பில்டர் மாற்றிய பூசகர், மூலஸ்தானத்துக் கதவே அடைபட்டிருந்ததைக் கவனிக்கவில்லை.

றொபேட் விரிப்பைத் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணை, இத்தனை வாயையும் பொத்தினா இது எப்பிடி மூச்சு விடும்? காத்து ஓடாட்டி உள்ளுக்கை உறையத்தான் செய்யும். குளிரை நிப்பாட்டிப்போட்டு விசிறியை மட்டும் ஓடவிடுங்கோ. ஐஸ் உருகட்டும். பேந்து குளிரைப் போடுங்கோ. எல்லாத்தையும் திறவுங்கோ."

சாமியறை வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தார். உள்ளே போகவில்லை.

"இதை நீங்களே பாருங்கோ. நேர்த்தி விளக்கில நான் கை வைக்கமாட்டன். திறக்கிறதெண்டா விளக்கை முதல் அங்காலை தள்ளி வையுங்கோ. இல்லாட்டி இதொண்டை இப்பிடியே விடுங்கோ, ஒரு வாயால ஒண்டும் ஆகாது."

கேட்டீர்களா? விட்டுவிடலாம் என்று அவரே சொன்னார். வேதக்காரருக்கு இருந்த பவ்வியம் அது.

அவர் போனபின் மற்ற வாய்களைத் திறந்து விசிறியை ஓடவிட்டு, ஐஸ் இளகிக் காற்று வரத் தொடங்கியதும் நான் சாமியறைக்குப் போனேன். நாடாவை உரித்தேன். அட்டையை எடுத்தேன். காற்று மேலே எழுந்தது. சுடர் சாய்ந்தது... நிமிர்ந்தது... திரும்பச் சாய்ந்தது.

விளக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தள்ளிவைக்க இரண்டு விநாடி போதும். நான் தள்ளிவைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன்.

ஏன்?

என் மனதில் ஓடியது இதுதான். அணையட்டும். அணைந்தும் நேசன் பிழைப்பான். அவன் வீட்டுக்கு வந்து, பாயசம் குடித்து, எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது நான் தொண்டையைச் செருமிச் சொல்லுவேன்... வதனி, உன் விளக்கு அரை நாள் அணைந்து கிடந்தது. இப்போது சொல்லு, உன் தம்பியைக் காப்பாற்றியது யார்? இருபத்தைந்து வருடமாக இழுபட்ட ஒரு வாதத்தை ஒரே அடியில் வெல்லுவேன்! நேசனே கைதட்டுவான்.

ஒரு மனிதன் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தான். நான் அவனை வைத்துப் பந்தயம் கட்டினேன்.

சுடர் அணைந்தது. ஒரு கோடு புகை. உலகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. கீழே ஐஸ் உருகிச் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

பிற்பகல் முழுவதும் அணைந்தபடியே விட்டேன். அவளுடைய கார் வாசலில் திரும்பும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அட்டையை மறுபடி ஒட்டினேன். விளக்கைப் பற்றவைத்தேன். அப்போதுதான் பட்டது... எரியாத எண்ணெய் குறைந்திராதே! ஒரு தேக்கரண்டி எடுத்து வந்தேன். விளக்கிலிருந்து நாலு கரண்டி நல்லெண்ணெயை அள்ளிக்கொண்டுபோய்ச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினேன். ஏதோ கவனப்பிசகாக நடந்தது என்று என்னால் சொல்லமுடியாமல் இருப்பதற்குக் காரணம் அந்தத் தேக்கரண்டிதான்.

வதனி படியேறி ஓடிவந்தாள். நேசன் அன்று கண் திறந்தானாம். இவளை அடையாளம் கண்டானாம். விளக்கின் முன்னால் விழுந்து கும்பிட்டு அழுதாள்.

நான் வாசலில் நின்று வெற்றிப் புன்னகையை விழுங்கினேன். விளக்கு அணைந்த நாளில் கண் திறந்திருக்கிறான்! இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? சொல்ல வாய் துடித்தது. இல்லை, பாயசம்வரை பொறு என்று அடக்கினேன். நகைச்சுவைக்காரனுக்கு நேரம் முக்கியம்.

ஒன்பது நாள் கழித்து நேசன் இறந்தான்.

ஒன்பது நாள்! தண்டிக்க வந்த தெய்வம் ஒன்பது நாளா எடுத்துக்கொள்ளும்? நம் ஆட்களின் கூட்டங்களைப்போலப் பிந்தித்தான் வருமா? அவனைக் கொன்றது கிருமி. இதில் எனக்கு ஒரு துளி ஐயமும் இல்லை. எந்தக் கோயில் வாசலிலும் நின்று சொல்லுவேன்.

ஆனால் கேளுங்கள், நேசனின் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள் நடந்ததை.

வதனி என்னைச் சாமியறைக்குக் கூப்பிட்டாள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவள் விரலால் திரியை உள்ளே இழுத்து அணைத்தாள். அழவில்லை.

"நான் ஒரு பிழையும் விடேல்லை. ஒரு நிமிசம் விளக்கை நூரவிடேல்லை. நீங்கள் சொல்லுறதுதான் சரி. அங்கை ஒருத்தரும் இல்லை." பிறகு காலால் அட்டையைக் காட்டினாள். "இதைக் கழட்டிவிடுங்கோ. இந்த அறையும் குளிரட்டும்."

இருபத்தைந்து வருட வாதத்தில் நான் வென்றேன்! எதிர்க்கட்சி ஆயுதத்தைக் கீழே போட்டது. ஒரு பொய்ச் சாட்சியின் பேரில்...

அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளுக்குத் தெய்வம் திரும்பக் கிடைத்திருக்கும். தம்பி செத்தது கணவனால்தான் என்ற எண்ணமும் கூடவே கிடைத்திருக்கும். நான் செய்யாத கொலையை ஏன் ஏற்கவேண்டும்? வாயை மூடிக்கொண்டேன். அட்டையைக் கழற்றி, பேஸ்மென்டில் பில்டர்களுக்குப் பின்னால் வைத்தேன். சாமியறையில் இப்போது துணி அழுத்துகிற மேசை நிற்கிறது. வதனி கோயிலுக்குப் போவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவள் பாடிக்கொண்டு திரிவது நின்றுபோனது. அது எனக்கு எரிச்சலாக இருந்த பாட்டு. இப்போது வெள்ளிக்கிழமைகளில் இயந்திரத்தின் சத்தம் தெளிவாகக் கேட்கிறது.

சொல்லாமல் விட்டதுதான் என் குற்றம் என்று இதுவரை நினைத்திருந்தேன். போன சனிக்கிழமைவரை...

கோடையின் முதல் சூடான நாள். தகடுகளைக் கழுவினேன், பில்டர் மாற்றினேன், வினாகிரி ஊற்றினேன், தெர்மோஸ்டாட்டை இருபத்துமூன்றில் வைத்தேன். பிறகு வழக்கம்போல ஒரு மெல்லிய கடதாசித் துண்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காற்றுவாயிலும் காற்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டு போனேன்.

அந்த அறையில் கடதாசி அசையவில்லை.

காற்றுவாயின் மேல் மாம்பழ அட்டை. ஒட்டாமல் சும்மா வைத்திருந்தது. தட்டில் குத்துவிளக்கு, புளிபோட்டுத் தேய்த்துப் பளபளவென்று. எண்ணெயில்லை, திரியில்லை. அழுத்துகிற மேசைக்குப் பின்னால் வதனி நின்றாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள். "எங்கையோ ஒரு பிழை நடந்திருக்கவேணும் எண்டு மனம் தேடிக்கொண்டே இருக்குது. நான் ஆஸ்பத்திரியில நிண்ட நாளுகளில நீங்கள்தானே வீட்டில. விளக்கு ஒருக்காவும் நூராமல் எரிஞ்சதுதானே?"

அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை என்று நான் சொல்லவேண்டும் என்று அந்த முகம் கெஞ்சியது. ஒரு சொல் போதும். அவளுக்குத் தெய்வம் கிடைத்துவிடும். நான்...

"ஓம்," என்றேன். "ஒருக்காவும் நூரேல்லை."

தலையசைத்தாள். குனிந்து அட்டையை எடுத்தாள். நேசனின் பெட்டி அட்டையை இரண்டாக மடித்து, மறுசுழற்சிக்கான நீலத் தொட்டிக்குள் போடச் சொல்லி என் கையில் தந்தாள். பிறகு ஒரு சட்டையை விரித்து அழுத்தத் தொடங்கினாள்.

இன்னொரு தடவை கேட்டாலும் ஓம் என்றுதான் சொல்லுவேன். நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் கடதாசியைத் திரும்பப் பிடித்துப் பார்த்தேன். நன்றாகத் துடித்தது. எல்லா அறையிலும் ஒரே சீரான குளிர். இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை.