அமாவாசைக்கு வலிக்கும் நாய்

எங்கள் நாய்க்கு ஒரு பெயர் உண்டு. அதை இங்கே எழுத முடியாது. எங்கள் தெருவில் அதே பெயரில் ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். நாய் வந்து நான்கு வருடம் கழித்துத்தான் அவர் குடிவந்தார் என்றாலும், பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியது நாய்தான் என்பது அவருடைய கட்சி. வம்பு எதற்கு, அவன் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

அவனுக்குக் கழுத்து நரம்பில் கோளாறு. ஐயம்பேட்டைக்குப் போகிற ஷேர் ஆட்டோ ஒன்று தெருமுனையில் ரிவர்ஸ் எடுக்கும்போது அவனை இடித்துவிட்டது. எலும்பு முறியவில்லை, ரத்தம்கூட வரவில்லை. ஆட்டோக்காரர் பதறிப்போய் இறங்கி வந்து, ஆட்டோவைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு மாதத்தில் நொண்டல் சரியானது. அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. யாரும் தொடாமலேயே திடீரென்று வீல் என்று கத்துவான். கத்திவிட்டு, யார் அடித்தது என்று திரும்பிப் பார்ப்பான். பின்னங்காலால் கழுத்தைச் சொறியப் போவான், கால் கழுத்தில் படாமல் காற்றிலேயே ஆடிக்கொண்டிருக்கும். படுத்தால் வலிக்கும் என்று பயந்து, தலையைத் தொங்கப் போட்டபடி ஒரே இடத்தில் நின்றுகொண்டிருப்பான். அதைப் பார்த்துக்கொண்டு சோறு தின்ன முடியாது. நான் தின்றேன், ஆனால் முடியாது.

நாய்க்கு என்றாலும் பூனைக்கு என்றாலும் எங்கள் ஊரில் மாட்டாஸ்பத்திரிதான். அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். சின்ன வயசு, பொறுமைசாலி. அவனை நடக்கவிட்டு, கழுத்தைத் தொட்டு, கடிக்க வந்தவனிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்.

"அடிபட்ட இடம் ஆறிப்போச்சுமா. நரம்புக்கு மட்டும் அது இன்னும் தெரியல. அதான் வலி வலின்னு தகவல் அனுப்பிக்கினே இருக்குது."

அதை அடக்க ஒரு கேப்ஸ்யூல். காலை, மதியம், இரவு, ஆயுசுக்கும். ஒரு நாள் விட்டாலும் வலி திரும்பிவிடும், திடீரென்று நிறுத்தவே கூடாது என்று இரண்டு முறை சொன்னார். மருந்துக்கும் வலி அடங்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். ஊசிதான் என்றார். குணமாக்குகிற ஊசி இல்லை, ஒரேயடியாகத் தூங்கவைக்கிற ஊசி. அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, அவனைத் தடவிக்கொண்டிருந்தார்.

அந்த கேப்ஸ்யூல் மனிதர்கள் சாப்பிடுகிற அதே கேப்ஸ்யூல்தான், மருந்துக்கடையில் வாங்க வேண்டும். கடைக்காரர் யாருக்கு என்று கேட்டார். நாய்க்கு என்றேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார். நாய்க்கா, எனக்கா என்று கேட்டதும் மருந்தை எடுக்க உள்ளே போய்விட்டார். எங்கள் எதிர்வீட்டு அக்கா சர்க்கரையால் வந்த பாத எரிச்சலுக்கு அதே மருந்தைத்தான் விழுங்குகிறார் என்பது பிறகு தெரிந்தது. நாய் மருந்தைத் தனக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள் என்று அவர் தன் டாக்டரிடம் போய்ச் சண்டை போட்டார். என் மேலும் ஒரு வாரம் கோபம். அவன் மேல் மட்டும் கோபமில்லை, ஒரே மருந்து சாப்பிடுகிறவர்கள் என்ற பாசம் வந்துவிட்டது.

மருந்து கொடுக்கிற பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். என் வீட்டுக்காரரிடம் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவருடைய ரத்தக்கொதிப்பு மாத்திரையையே நான்தான் கையில் வைத்து, விழுங்குகிறாரா என்று வாயைப் பார்க்க வேண்டும். போனில் அலாரம் வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டரம்மா. எனக்குச் சிரிப்பு வந்தது. தறி வைத்திருக்கிறவளுக்கு எதற்கு அலாரம்? எங்கள் வீட்டு முதல் அறையில் இரண்டு தறி, ஒன்று அவருடையது, ஒன்று என்னுடையது. காலையில் தறியில் உட்காரும்போது ஒன்று, மதியம் சாப்பிட எழும்போது ஒன்று, இரவு தறியை மூடும்போது ஒன்று. கணக்கு முடிந்தது. ஒரு பிஸ்கட் டப்பாவில் கேப்ஸ்யூலைப் போட்டு, என் தறிக்கு மேலே சுவரில் மாமனார் படம் மாட்டியிருக்கிறதே, அதற்குக் கீழே ஆணியில் தொங்கவிட்டேன். ஒரு கை டப்பாவுக்குப் போகும், இன்னொரு கையில் இட்லித் துண்டு இருக்கும். எங்கள் காஞ்சிபுரம் இட்லி உலகப் பிரசித்தம் என்கிறார்கள், ஆனால் மிளகும் சுக்கும் போட்ட அந்த இட்லி அவனுக்கு ஆகாது. வெறும் இட்லியில் நெய் தடவி, நடுவில் கேப்ஸ்யூலைச் செருகினால் ஒரே வாய்.

மருந்து கேட்டது. நான்கே நாளில் கத்தல் நின்றது. நான் கால் விட்டு உட்காருகிற தறிக்குழியின் ஓரத்தில் மோவாயை வைத்துப் படுத்துக்கொண்டு, நான் மிதிக்கிற மிதிக்கெல்லாம் காதை ஆட்டிக்கொண்டு தூங்கினான். நான் என்னை ஒரு சிறப்பு மருத்துவராகவே நினைக்க ஆரம்பித்தேன்.

பிறகு ஒரு அமாவாசை வந்தது. எங்களுக்கு அமாவாசை என்றால் தறிக்கு லீவு. அன்றைக்குத் தலைக்குக் குளிக்க வேண்டும், இறந்தவர்களுக்குப் படையல் போட வேண்டும், காக்காய்க்குச் சோறு வைத்து, அது வருகிறவரை மொட்டைமாடியில் வெயிலில் நிற்க வேண்டும். இதற்குப் பெயர் லீவு. அன்று மதியம் அவன் நிலைகொள்ளாமல் திரிந்தான். சாயங்காலம் கத்த ஆரம்பித்தான். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். மாத்திரை ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்று கேட்டார். என்னைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி! கொடுத்தேன் என்று சொன்னேன். கொஞ்சம் சூடாகவே சொன்னேன். மறுநாள் சாயங்காலத்துக்குள் அவன் பழையபடி சரியாகிவிட்டான்.

அடுத்த அமாவாசைக்கும் அதேபோல் கத்தினான். மூன்றாவது அமாவாசைக்கு இன்னும் மோசம், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இதற்குள் தெருவே மருத்துவம் படித்து முடித்திருந்தது. அமாவாசைக்குக் கடலே பொங்குகிறது, நாய் நரம்பு பொங்காதா என்றார் எதிர்வீட்டு அக்கா. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் பஸ் ஏறிப் போக வேண்டும், இருந்தாலும் நரம்புக்கு அது தெரியாதாம். என் வீட்டுக்காரர் திருப்புட்குழிப் பக்கம் யாரிடமோ போய் ஒரு தாயத்து வாங்கிவந்து கட்டினார். கழுத்து வலிக்கிற நாய்க்குக் கழுத்திலேயே தாயத்து. அவன் அதைக் கடித்துத் துப்பியதோடு அந்த வைத்தியம் முடிந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கண்டுபிடிப்பும் என் வீட்டுக்காரருடையதுதான். அமாவாசை அன்றைக்கு மட்டும் அவன் காலியான தறி அறைக்குள் தனியாகப் போய், என் தறிக்குப் பக்கத்தில் நின்று, சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிறான் என்பதைக் கவனித்துச் சொன்னார். வலிக்கிற கழுத்தைத் தூக்கி அவன் பார்க்கிற இடத்தில் என் மாமனார் படம். அந்தத் தறியில் முப்பது வருடம் உட்கார்ந்தவர், நான் கல்யாணமாகி வந்த வருடமே போய்ச் சேர்ந்தவர்.

"அமாவாசைக்கு அப்பா வராருமா. இவன் கண்ணுக்குத் தெரியுது, நம்ம கண்ணுக்குத் தெரியல" என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் படத்துத் தூசியைத் துடைத்தார்.

முதல் தடவை நான் நன்றாகக் கிண்டல் செய்தேன். உயிரோடு இருந்தபோது நாயைக் கண்டாலே கல் எடுத்தவர், இப்போது நாயைப் பார்க்கத்தான் மாதாமாதம் வருகிறாரா என்று கேட்டேன். மூன்றாவது அமாவாசைக்குக் கிண்டல் வரவில்லை. அவன் சுவரைப் பார்ப்பதும் ஈனமாக முனகுவதும் மறுபடி பார்ப்பதுமாக நின்றான். நான் அவனுக்குப் பின்னால் நின்று, யாரும் பார்க்காத நேரம் பார்த்து, மாமனார் படத்தைக் கும்பிட்டேன். கணக்குப் படித்துப் பட்டம் வாங்கியவள் நான்.

மறுநாள் இருவரும் அவனை மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம், டாக்டரம்மா நீண்ட நேரம் பேசினார். மருந்தின் அளவை இதற்கு மேல் கூட்ட முடியாது. மாதம் ஒருநாள் மருந்தையே மீறி இப்படி வருகிறதென்றால், நோய் உள்ளே முற்றிக்கொண்டு போகிறது என்றுதான் அர்த்தம். அவனைச் சித்திரவதையில் வைத்திருப்பது பாவம். அடுத்த முறையும் இப்படியே வந்தால் மறுநாள் காலையில் கூட்டிவந்துவிடுங்கள் என்றார். நாங்கள் இருவரும் சரி என்று தலையாட்டினோம். வண்டியில் திரும்பி வரும்போது அவன் எங்கள் நடுவில் உட்கார்ந்து, காற்று வாங்கிக்கொண்டு, மிகவும் சந்தோஷமாக வந்தான். நான் ஹெல்மெட்டுக்குள் அழுதேன். அது எவ்வளவு வசதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான்காவது அமாவாசை ஒரு முகூர்த்தப் புடவை தறியில் இருக்கும்போது வந்தது. பெண் வீட்டார் தினமும் போன் செய்து, புடவை முடியாவிட்டால் கல்யாணமே நின்றுவிடும் என்கிற மாதிரி பேசினார்கள். நான் விடிந்ததும் தறியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

"அமாவாசைக்கு யாராச்சும் தறில உக்காருவாங்களா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

புடவை அவசரம் என்றேன். அது பாதிதான் உண்மை. தறி ஓடாத வீட்டில் அவன் கத்துவதைக் கேட்டுக்கொண்டு, நாளைக்குக் காலையை நினைத்துக்கொண்டு, வடைக்கு மாவாட்ட எனக்குத் தைரியம் இல்லை. எனக்குச் சத்தம் வேண்டியிருந்தது. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, படையலைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

மதியம் எழுந்து சாப்பிட்டேன். மறுபடி உட்கார்ந்தேன். சாயங்காலம் ஆறு மணி இருக்கும், அவர் அறை வாசலில் வந்து நின்று, தறிக்குழி ஓரத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா, இன்னும் கத்தவே இல்ல?"

நூல் ஓட்டுகிற நாடாவை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். மோவாயைத் தரையில் வைத்துக் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். அமாவாசை அவனை விட்டுவிட்டதே என்று அவர் சந்தோஷப்பட்டு, படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் படத்தைப் பார்த்தேன். படத்துக்குக் கீழே டப்பா தொங்கியது. மூடி சரியாக மூடாமல் இருந்தது. மதியம் எழும்போது என் கை போன இடம் அது. காலையில் உட்காரும்போதும் போனது. நான் போகச் சொல்லவில்லை, தானாகப் போனது.

அப்படியானால் தறியில் உட்காராத அமாவாசைகளில் இந்தக் கை எங்கே போனது?

நான் எழுந்து அடுப்பங்கரைக்குப் போனேன். அஞ்சறைப்பெட்டியில் வெந்தயத்துக்குப் பக்கத்தில் ஒரு குழியில் மசாலா எதுவும் போடுவதில்லை. மாதத்துக்கு எண்ணி வாங்கியதில் கடைசியில் மிஞ்சுகிற கேப்ஸ்யூலை அதில்தான் போட்டு வைத்திருந்தேன். கடைக்காரர் தெரியாமல் கூடக் கொடுத்துவிட்டார் என்று நினைத்திருந்தேன். காஞ்சிபுரத்தில் எந்தக் கடைக்காரர் தெரியாமல் கூடக் கொடுத்திருக்கிறார்? எண்ணிப் பார்த்தேன், ஒன்பது இருந்தது. மூன்று அமாவாசை, நாளைக்கு மூன்று.

ஒரு நிமிடம் சும்மா இருந்துவிடலாமா என்று தோன்றியதை மறைக்கப் போவதில்லை. அமாவாசைக்குத் தறி ஓட்டியதால் நோய் விட்டது என்று சொன்னால் தெரு முழுக்க நம்பும், எதிர்வீட்டு அக்கா அதற்குக் காரணமும் கண்டுபிடித்துத் தருவார். ஆனால் ஒன்பது கேப்ஸ்யூலையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தறி அறைக்குத் திரும்பிவந்து, என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொடுத்தேன் என்று டாக்டரம்மாவிடம் நான் பொய் சொல்லவில்லை. கொடுத்ததாகவே நம்பினேன். கொடுக்கிறவள் நான்தானே, அதனால் கொடுத்திருப்பேன் என்று நம்பினேன். அமாவாசைக்கு அப்பா வருகிறார் என்று சொல்லி என் கிண்டலுக்கு ஆளானவர் அவர். சொல்லிக்காட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லிக்காட்டவில்லை. டப்பாவைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"அப்போ அவன் அப்பாவப் பாக்கல" என்றார் மெதுவாக. "மாத்திரை குடுன்னு உன்னத்தான் கேட்டுக்கினு நின்னானா?"

நான் தறிக்குழி ஓரத்தில் தரையில் உட்கார்ந்தேன். வலியோடு கழுத்தைத் தூக்கி, மருந்து இருக்கிற இடத்தைக் காட்டிக் காட்டி அவன் கேட்டிருக்கிறான். நான் பின்னால் நின்று சாமி கும்பிட்டிருக்கிறேன். அதோடு விடாமல், அவனைக் கொன்றுவிடலாம் என்று தலையையும் ஆட்டிவிட்டு வந்திருக்கிறேன். தாங்க முடியவில்லை. அவர் எதிரிலேயே அழுதேன், அன்று ஹெல்மெட் இல்லை.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, நாளைக்கு வரவில்லை, ஏனென்றால் இன்ன காரணம் என்று சொன்னேன். அவர், போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள் என்று முதல் நாள் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னார். வைத்துக்கொண்டேன்.

நாங்கள் பேசிய சத்தத்தில் அவன் எழுந்துவிட்டான். அவன் தலையை என் மடியில் வைத்து, கழுத்தைத் தொடாமல் நெற்றியை மட்டும் தடவி, என்னை மன்னித்துவிடு என்று சொன்னேன். நிஜமாகவே வாய்விட்டுச் சொன்னேன். அவன் சிறிது நேரம் பொறுமையாக இருந்தான். பிறகு, இருட்டி இரவு மாத்திரைக்கு நேரமாகிவிட்டதால், தலையைத் தூக்கி டப்பாவைப் பார்த்தான்.