காணாமல் போன ஸ்பிரிங்

மாமாவின் மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங்கை நான் திருடவில்லை. இதைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் அதற்காக அடி வாங்கியவள் நான்.

அப்போது எனக்குப் பத்து வயது. இராமநாதபுரத்துக்குப் போகும் பஸ் ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே தள்ளி எங்கள் ஊர். கண்மாய் நிறைந்தால் நெல், இல்லாவிட்டால் மிளகாய். அக்காவுக்குப் பதினாறு. எங்கள் ஊரிலிருந்து பதினோராம் வகுப்பு வரைக்கும் போன முதல் பெண் அவள்தான். அப்போதெல்லாம் எஸ்.எஸ்.எல்.சி. பதினோராம் வகுப்பில்தான். பங்குனியில் அவளுக்கு அந்தப் பரீட்சை. தேறினால் டீச்சர் பயிற்சிக்குப் போகலாம். டீச்சரானால் என்னையும் கூட்டிப்போய்ப் படிக்கவைப்பதாக எனக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள்.

அய்யாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. "பரீட்சை எழுதிக் கலெக்டர் வேலைக்கா போகப்போறா?" என்று ஒருமுறை கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது. தை பிறந்ததும் ஆத்தாவின் தம்பிக்கு அவளைக் கட்டிக்கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. அக்காவை யாரும் கேட்கவில்லை. மாமாவையும் கேட்டதாகத் தெரியவில்லை. அக்கா மகளை வேண்டாம் என்று சொல்ல எந்தத் தாய்மாமனுக்கு வாய் வரும்? சொன்னால் பிறந்த வீட்டு வாசலை ஆத்தா மிதிக்க முடியாது.

மாமா இராமநாதபுரத்தில் ஒரு பஸ் பட்டறையில் வேலை பார்த்தார். பக்கம் என்பதால் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். எனக்கு அவரைப் பிடிக்காது. அக்காவைக் கொண்டுபோகப் போகிறவரை எனக்கு எப்படிப் பிடிக்கும்?

தீபாவளிக்கு வந்திருந்த பங்காளிகள் முன்னால் மாமா ஒரு வார்த்தை சொன்னார். "மச்சான், நான் சொந்த மோட்டார் சைக்கிள்ல வந்துதான் தாலி கட்டுவேன். அதுவரைக்கும் நாள் குறிக்க வேணாம்."

அய்யா பூரித்துப் போனார். எங்கள் பக்கத்து மாப்பிள்ளைகள் மாட்டு வண்டியில் வருவார்கள், மிஞ்சினால் வாடகைக் காரில் வருவார்கள். மோட்டார் சைக்கிளில் யாரும் வந்ததில்லை. மறுநாளே கண்மாய்க்கரை முழுக்க இதைச் சொல்லிவிட்டு வந்தார்.

மாமா வாங்கிய மோட்டார் சைக்கிள் ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து எங்கள் மாட்டு வண்டியில் வந்து இறங்கியது. பட்டாளத்தில் கழித்துவிட்ட சின்ன வண்டி. அக்காள்மடம் என்ற கடலோர ஊரில் யாரோ ஒருவர் வேலியோரம் போட்டு வைத்திருந்தாராம். கடற்காற்று அதைத் தின்று துப்பியிருந்தது. எஞ்சின் கெட்டுப்போகவில்லை, நாலு உதையில் இருமிக்கொண்டு கிளம்பியது. கெட்டது முன்பக்கம்தான். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கும் குழாய்களை ஃபோர்க் என்றார் மாமா. ஒவ்வொரு பக்கமும் குழாய்க்குள் குழாய், உள்ளே ஒரு ஸ்பிரிங், கொஞ்சம் எண்ணெய். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் குழாய் உள்ளே போய்த் திரும்பி வரவேண்டும். இந்த வண்டியில் அது போகவும் இல்லை, வரவும் இல்லை. எதிலோ மோதி வளைந்து, துருவேறி இறுகிக் கிடந்தது.

"ரெண்டு வாரத்துல முடிச்சுருவியா மாப்ளே?" என்றார் அய்யா.

"பாக்கலாம் மச்சான். ஃபோர்க்கு வேலை, லேசுப்பட்டதில்ல."

பஸ் எஞ்சினையே பிரித்து மாட்டுகிற ஆள் இப்படிச் சொன்னபோதே எனக்குச் சுருக்கென்றது.

மாட்டுத் தொழுவத்தின் ஒரு மூலையைப் பட்டறையாக்கினார். சாக்கை விரித்து, மண்ணெண்ணெய்ச் சட்டியில் எல்லாவற்றையும் ஊறப்போட்டார். உப்புத்தாளை வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தார். உள்குழாய் இரண்டையும் புளியமரக் கவையில் கொடுத்து, ஒருநாளைக்கு ஒரு நெல்லளவு என்று வளைவெடுத்தார். நிமிர்ந்துவிட்டதா என்று பார்ப்பதற்கு ஒரு வழி வைத்திருந்தார். இரண்டு குழாய்களையும் ஒட்டினாற்போல் சேர்த்து வெயிலுக்கு நேரே பிடிப்பார். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் வளைவு பாக்கியிருக்கிறது.

கார்த்திகையில் ஒருநாள் அவர் அப்படிப் பிடித்திருந்தபோது நானும் பக்கத்தில் போய்க் கண்ணை வைத்தேன்.

"வெளிச்சமே தெரியலையே மாமா. சரியாயிருச்சுல்ல?"

"ஒங் கண்ணுக்கு என்ன தெரியும்? ஒரு மயிரிழை இருக்கு. போ, போயி ஆட்டைப் பாரு."

எனக்குக் கண் நன்றாகத் தெரியும். அன்றிலிருந்து நான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

குழாய்க்குள்ளிருந்து எண்ணெய் கசியாமல் இருக்கத் தோலில் வட்டமாக வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து, இரண்டு வாஷர் செய்திருந்தார். மார்கழியில் அவை நாசமாகிவிட்டன. எலி கடித்துவிட்டது என்றார். அய்யா எலிப்பொறி வாங்கிவந்து தொழுவத்தில் வைத்தார். நான் அந்தத் தோலைக் குப்பையிலிருந்து பொறுக்கிப் பார்த்தேன். எலி கடித்தால் ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும். இது கத்தி போட்ட மாதிரி நேராக இருந்தது. அப்புறம் புஷ் என்று ஏதோ ஒரு உலோக வளையம் மதுரையிலிருந்து வரவேண்டும் என்றார். அது வர இருபது நாள். வந்தபிறகு அளவு சேரவில்லை என்று திருப்பி அனுப்பினார்.

தை பிறந்தது. தை போயேவிட்டது. "எனக்குத் தெரிஞ்சு மோட்டார் சைக்கிளுக்குப் பேறுகாலம் பாக்குறது ஒம் மச்சினன் ஒருத்தந்தான்" என்று பெரியப்பா கேலி செய்தார். அய்யா சிரிக்கவில்லை.

அக்கா தொழுவத்துக்கு மோர் கொண்டுபோவாள். ஒருநாள் நான் வைக்கோல் பக்கம் நின்று கேட்டேன். அவள் ஏதோ மெதுவாகக் கேட்க, மாமா நிமிராமல், "அதை நான் பாத்துக்கிறேன். நீ போ, போயிப் படி" என்றார். தாலி கட்டுவதற்கு முன்னாலேயே அதிகாரம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனுசி வேறு சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

மாசி முதல் வாரம் எல்லாம் தயார். அய்யா ஜோசியரைப் பார்க்க வேட்டியை மாற்றிக்கொண்டு நின்றார். அப்போது மாமா தொழுவத்திலிருந்து வந்து, ஒரு ஸ்பிரிங்கைக் காணோம் என்றார்.

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். பார்ப்பதற்குக் காரணம் இருந்தது. அந்த ஸ்பிரிங்கை முன்பு ஒருநாள் நான் வங்கி வளையல் மாதிரிக் கையில் மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்திருந்தேன். அய்யா புளிய விளாறை உருவிக்கொண்டு வந்தார்.

"எங்கன வச்ச?"

"நான் எடுக்கலய்யா."

கெண்டைக்காலில் விழுந்தது. மறுபடியும் கேட்டார். மறுபடியும் விழுந்தது. மாமா வாயைத் திறந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். மூடிக்கொண்டார். பிறகு, "விடுங்க மச்சான், சின்னப்புள்ள. வேற ஒண்ணுக்குச் சொல்லிவிடுறேன், பங்குனிக்குள்ள வந்துரும்" என்றார்.

அக்காதான் என் காலுக்கு எண்ணெய் தடவினாள். அடி வாங்கியது நான், அழுதது அவள். மறுநாள் மாமா ஒரு பொட்டலம் சேவு வாங்கிவந்து என் பக்கத்தில் வைத்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைக் கோழிகளுக்கு இறைத்தேன். தப்புச் செய்யாதவன் எதற்குச் சேவு வாங்குகிறான்?

சந்தேகம் உறுதியாகிவிட்டது. தேடாத இடம் ஒன்றுதான் பாக்கி, மாமாவின் தகரப் பெட்டி. பூட்டு எப்போதும் தொங்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுக் கண்மாய்க்குக் குளிக்கப் போனார். சாவி பையில் இருந்தது.

இரண்டு வேட்டி, ஒரு கம்பளி, சவரக்கத்தி. எல்லாவற்றுக்கும் அடியில், கிரீஸ் தடவி, காகிதம் சுற்றி, நூல் போட்டுக் கட்டி, என் முழங்கை நீளத்துக்கு அது இருந்தது. காகிதம் அக்காவின் நோட்டுத் தாள். அவளுடைய குண்டு குண்டான கையெழுத்தில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சரித்திரம் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எதிரே தேதிகள் போட்டிருந்தாள். அதற்குக் கீழே கட்டம் கட்டமாக நாட்கள். பாதிக் கட்டங்கள் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தன.

அக்கா நோட்டையும் கிழித்திருக்கிறான் பாவி என்று நினைத்தேன்.

எனக்கு வேண்டியது இரண்டே இரண்டு. நான் திருடி இல்லை என்று ஆகவேண்டும். இந்த ஏமாற்றுக்காரரை அய்யா விரட்ட வேண்டும். விரட்டினால் கல்யாணம் இல்லை, அக்கா பரீட்சை எழுதுவாள். கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தது பாருங்கள்.

அன்று பெரியப்பாவும் இன்னும் இரண்டு பங்காளிகளும் வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா ஈரத்தலையோடு அப்போதுதான் உள்ளே நுழைந்தார். நான் நடு வாசலில் நின்று ஸ்பிரிங்கைத் தூக்கிக் காட்டினேன்.

"அய்யா, இது மாமா பெட்டிக்குள்ள இருந்துச்சு. அவரே ஒளிச்சு வச்சுக்கிட்டு என்னைய அடி வாங்க விட்டாரு. அக்கா நோட்டையும் கிழிச்சிருக்காரு, இந்தாங்க."

அய்யாவுக்குக் கொஞ்சம் படிக்கத் தெரியும். தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அடுப்படி நிலைப்படியில் நின்ற அக்காவைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். தாளைக் கசக்கிக் கீழே போட்டார்.

"என்னடா இது, மாப்பிள்ளையும் பொண்ணும் சேர்ந்து ஒங் கண்ணுல மண்ணைத் தூவியிருக்காகளா?" என்று பெரியப்பா சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் முடித்தது. தனியாக இருந்திருந்தால் அய்யா ஒருவேளை கத்தியிருப்பார், அப்புறம் இறங்கி வந்திருப்பார். பங்காளி சிரித்தபிறகு அவர் இறங்க முடியாது.

"மாப்ளே," என்றார். குரல் உயரவில்லை. "ஸ்பிரிங்கு கெடச்சிருச்சு. மாட்டு."

"மச்சான், ஒரு மாசம் மட்டும்..."

"மாட்டுன்னேன்."

மாமா அக்காவைப் பார்க்கவில்லை. தொழுவத்துக்குப் போனார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம். ஸ்பிரிங்கை உள்ளே விட்டார், எண்ணெய் ஊற்றினார், புது வாஷரைப் போட்டார், மரையாணியை முறுக்கினார், சக்கரத்தை மாட்டினார். மதுரைக்குத் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்ன புஷ்ஷும் அவர் கருவிப் பைக்குள்ளேயே இருந்தது. நான்கு மாதமாக முடியாத வேலை ஒருமணி நேரத்தில் முடிந்தது. அய்யா கைப்பிடியைப் பிடித்து அழுத்தினார். முன்பக்கம் தாழ்ந்து, சத்தமில்லாமல் மேலே வந்தது.

அய்யா என் தலையில் கை வைத்தார். "எம்புள்ள கெட்டிக்காரி." அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

மாசி கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அக்காவின் புத்தகங்களைச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினார்கள். மாமா சொன்னபடி தன் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில்தான் வந்தார். ஊரே கூடி நின்று பார்த்தது. அவர் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

அவரை நல்லவர் என்று எழுத நான் வரவில்லை. நாலு மாதம் இரும்பைப் போட்டு உருட்டியவர், பரீட்சை முடியட்டும் என்று முதல்நாளே நிமிர்ந்து நின்று சொல்லியிருக்கலாம். அய்யா அவரைக் கொன்றா போட்டிருப்பார்? அவரும் அக்காவும் என்னிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீட்டில் ஒருத்தரும் ஒருத்தரிடமும் எதையும் சொல்வதில்லை. கடைசியில் நாக்கு நீண்டவள் நான் ஒருத்திதான். நான் எட்டாம் வகுப்போடு நின்றேன். கூட்டிப்போகிறேன் என்றவளுக்கே போக இடமில்லை.

ஆனால் இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்று ஒன்றும் தெரியாது. அன்று என் மனதில் ஒரே ஒரு குறைதான். மாமாவை அய்யா விரட்டவில்லையே என்பது. அக்காவும் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னோடு பேசவில்லை. கல்யாண வேலையில் மறந்துவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அவளைச் சந்தோஷப்படுத்த என்னிடம் ஒன்று இருந்தது. அய்யா கசக்கிப் போட்ட தாளை அன்றே எடுத்து வைத்திருந்தேன். செம்பால் தேய்த்துச் சுருக்கம் எடுத்து, கிரீஸ் கறையைத் துடைத்து, அவள் மாமா ஊருக்குப் போக வண்டியில் ஏறப்போகும் சமயத்தில் ஓடிப்போய் நீட்டினேன்.

"மாமா கிழிச்சது. பத்திரமா எடுத்து வச்சேன்க்கா."

அக்கா அதை விரித்துப் பார்த்தாள். அடிக்காத கட்டங்கள் நிறைய பாக்கி இருந்தன. நாலாக மடித்தாள். என் கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மூடினாள்.

"நீயே வச்சுக்க" என்றாள்.

வண்டி கிளம்பியது. வாசல் பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி, குலுங்காமல் ஏறிப் போனது. அக்கா எனக்கு ஒன்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று அந்தத் தாளை அன்று சாயங்காலம் வரைக்கும் எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தேன்.