தலசீமியா வாட்டில் ஓடிய ரத்தக்காட்டேரிப் படம்

பக்கத்துக் கட்டில் பையனின் அம்மாதான் முதலில் அலறினாள். நான் ஓடிப் போனபோது தனுஷிகா கையில் ஏற்றியிருந்த கெனியூலா ஊசியைத் தானே பிடுங்கி எறிந்திருந்தாள். ஸ்டாண்டில் ரத்தப் பேக் பாதி நிறைந்தபடி தொங்கியது. டியூபிலிருந்து தரையில் சொட்டியது. சிஸ்டர் வந்து பஞ்சை வைத்து அழுத்தினார். டிவியில் படம் ஓடிக்கொண்டே இருந்தது. மற்றப் பிள்ளைகள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் அந்த நேரத்தில்தான் வில்லன் எரிந்து சாம்பலானான்.

நான் அந்த ஆஸ்பத்திரியில் அட்டெண்டனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடைசிப் பல வருடங்கள் தலசீமியா வாட்டில். இந்த நோய் உள்ள பிள்ளைகளின் உடம்பு தேவையான ரத்தத்தை ஒழுங்காக உண்டாக்காது. மாதா மாதம் வந்து, யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றிக்கொண்டு போனால்தான் உயிர். வாட்டில் பெரும்பாலும் சிங்களம்தான் பேசுவார்கள். தோட்டங்களிலிருந்து வரும் தாய் தகப்பன் சொல்வதை டாக்டருக்கும், டாக்டர் சொல்வதை அவர்களுக்கும் மாற்றிச் சொல்வதும் என் வேலையாகிவிட்டது. இப்போது அந்த வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படம்

ரத்தம் ஏறி முடிய மணிக்கணக்காகும். பிள்ளைகள் அலுத்துப் போகக்கூடாதென்று யாரோ ஒரு டிவியை வாங்கித் தந்திருந்தார்கள். கார்ட்டூன் படங்கள் நிறைந்த ஒரு பென்டிரைவும் அதோடு வந்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று எல்லாவற்றையும் பார்க்க எவருக்கு நேரம்?

அன்றைய படத்தில் ஒரு வீரன் பறந்து பறந்து நகரத்தைக் காப்பாற்றுகிறான். வில்லன் ஒரு ரத்தக்காட்டேரி. வெளுத்த கிழட்டு முகம், நீளப் பல், பாழடைந்த மாளிகை. ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவரின் ரத்தத்தைக் குடித்தால்தான் அவனுக்கு மறுநாள் உண்டு. கடைசியில் வீரன் ஜன்னல் திரையைக் கிழிக்கிறான். வெயில் பட்டதும் வில்லன் எரிந்து போகிறான்.

சிஸ்டருக்குக் கோபம். பென்டிரைவைப் பிடுங்கிக் குப்பையில் போடப் போனார். வாட்டு டாக்டர், இளம் பெண், தடுத்தார். "கொஞ்சம் பொறுங்க சிஸ்டர். புள்ளைங்ககிட்டயே கேட்டுப் பாப்போம்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு ஒவ்வொரு கட்டிலாகப் போய், படம் எப்படி என்று கேட்டார்.

நுவன் என்ற பையன், வீரனுக்கு ஒரு காயம்கூடப் படவில்லை, அது பொய் என்றான். அவனுடைய அம்மா, "ரத்தம் ஏத்துற எடத்துல போடுற படமா இது?" என்று சிங்களத்திலேயே சீறினாள். ரிஸ்னா என்ற சின்னப் பிள்ளை, "அந்தப் பறக்கிற நானாட உடுப்பு நல்லா ஈக்கிது டொக்டர்" என்றாள். பறக்கிற அண்ணனின் உடுப்பு நன்றாக இருக்கிறதாம் என்று நான் மாற்றிச் சொன்னதும் டாக்டர் சிரித்தார்.

தனுஷிகா கடைசிக் கட்டில். புளத்கொகுபிட்டியவுக்கு அந்தப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்திலிருந்து வருபவள். வயது பன்னிரண்டு. சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனால் அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துத் தமிழில்தான் பேசினாள்.

"ரத்தம் இல்லாட்டி அந்தக் கெழவன் செத்துருவான். அது அவன் குத்தமாக்கா? அவன் எரியிறப்ப எல்லாரும் கை தட்டுறாங்க. நானும் அடுத்தவங்க ரத்தத்துலதானே இருக்கேன்."

நான் சிங்களத்தில் சொன்னேன். டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அவன் கேக்காமக் கடிச்சு எடுத்தான். உனக்கு மனுசங்க தாங்களாகவே வந்து கொடுக்கிறாங்க" என்றார்.

"அவங்களுக்கு என்னயத் தெரியுமா?"

"தெரியாது. யாருக்குன்னு தெரியாமத்தான் கொடுக்கிறாங்க."

"தெரிஞ்சா குடுப்பாங்களா?"

அதையும் மாற்றிச் சொன்னேன். டாக்டர் அவளுடைய கட்டுப்போட்ட கையைத் தடவிவிட்டு எழுந்து போனார். மிச்ச ரத்தத்தை ஏற்றிக்கொள்ள அவள் சம்மதிக்கவே இல்லை.

றப்பர் தோட்டம்

அடுத்த கிளினிக்குக்கு அவள் வரவில்லை. வாட்டிலிருந்து போன் அடித்தால் தகப்பன் முருகேசு, "வர்றோங்க, வர்றோங்க" என்பார். வரமாட்டார்கள். ஒரு லீவு நாளில் நான் பஸ் ஏறினேன்.

இறங்கியதும் மழை. றப்பர் மரங்களுக்கு நடுவே போகும் பாதை பகலிலும் இருட்டாகக் கிடந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் காலில் அட்டைகள் ஏறிவிட்டன. பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் வழி கேட்டேன்.

"யாரு, அந்த ஊரான் ரத்தத்தக் குடிச்சு வளர்ற புள்ள வீடா? கடைசிக் காம்பிரா" என்று வரிசையின் கடைசி அறையைக் காட்டினாள். கெட்ட எண்ணத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்லிப் பழகியிருந்தார்கள் போல.

முருகேசு பால் வெட்டி முடித்து அப்போதுதான் வந்திருந்தார். கையெல்லாம் றப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. மனைவி குவைத்தில் வீட்டு வேலையில் இருக்கிறாள். தகப்பனும் மகளும் மட்டும்தான்.

"அழுது கூப்பிட்டுப் பாத்தேன், அதட்டியும் பாத்தேன். வரமாட்டேங்கிதுக்கா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "போன மாசம் ஸ்கூல்ல ரத்தம் எடுக்க வந்தாங்க. எம் புள்ளைக்கு இல்லாட்டியும் யாருக்காச்சும் ஒதவட்டும், இதுவும் அதப் பாக்கட்டும்னு கூட்டிட்டுப் போயி லைன்ல நின்னேன். வெரல்ல குத்திப் பாத்துட்டு, ஒங்களுக்கே ரத்தம் பத்தாதுன்னு அனுப்பிட்டாங்க. அது பாத்துக்கிட்டே நின்னுச்சுக்கா."

அவரிடமும் மனைவியிடமும் பாதிப் பாதியாக இருந்த கோளாறுதான் பிள்ளையிடம் முழுதாகச் சேர்ந்தது. அது அவருக்கும் தெரியும்.

தனுஷிகா உள்ளே படுத்திருந்தாள். உதடு வெளுத்து, கண் மஞ்சளாகி இருந்தது. மூச்சு மேலும் கீழும் வாங்கியது. டாக்டர் சொன்னதையே திருப்பிச் சொல்வதில் பயனில்லை என்று தோன்றியது. என்ன பேசுவதென்று தெரியாமல்தான் கேட்டேன்.

"நான் அந்தப் படத்த முழுசாப் பாக்கல. வேலையா இருந்தேன். நீ சொல்லேன்."

என் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். மாளிகை, வௌவால், பறந்து வரும் வீரன், எல்லாம் சொன்னாள். இடையிடையே மூச்சுக்காக நிறுத்தினாள். எரிகிற இடம் வந்ததும், "இது பிழையான படம்க்கா" என்றாள்.

"ஏன்?"

"அந்த வீரனுக்கு அம்புட்டுச் சக்தி இருக்கு. கெழவனத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்திருக்கலாம்ல? அங்க பேக்குல ஏத்தியிருப்பாங்க. அவன் ஏன் கடிக்கப் போறான்?"

"அவன் வரமாட்டேன்னு சொல்லியிருந்தா?"

"ஏன் சொல்றான்? அவனுக்கும் பொழைக்க ஆசதானே."

சொல்லிவிட்டு அவளே நிறுத்திக்கொண்டாள். கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. பிறகு சுவருக்குத் திரும்பி அழுதாள். முருகேசு உள்ளே வரப் பார்த்தார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அழுது முடித்ததும் அவளே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு முகம் கழுவப் போனாள். தோட்டத்துப் பையன் ஒருவனின் த்ரீவீலரில் அன்றைக்கே டவுனுக்கு வந்து அவளை வாட்டில் சேர்த்தோம்.

பிறகு

அதன்பின் அவள் ஒரு கிளினிக்கையும் விடவில்லை. டிவியில் என்ன படம் போட்டாலும் பார்த்துவிட்டு, எங்கே பிழை என்று டாக்டரிடம் சொல்வாள். அந்த டாக்டரும் நின்று கேட்பார். நுவனும் அவளும் சிங்களத்தில் சண்டை பிடிப்பார்கள். அவள் நிமிர்ந்துவிட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஆனால் ரத்தம் ஏற்ற ஏற்ற உடம்பில் இரும்பு சேரும். அதைக் குறைக்க மாத்திரை உண்டு. அவளுக்கு அது சின்ன வயதிலிருந்தே ஒத்துக்கொள்ளவில்லை, வாந்தி எடுப்பாள். இரும்பு இதயத்தில் படிந்துவிட்டது. ஒரு மழைக் காலத்தில் மூச்சுத் திணறலோடு கொண்டு வந்தார்கள். திரும்பிப் போகவில்லை. இடையில் விட்டுப்போன ரத்தத்தால் இது வரவில்லை, முன்பே படிந்தது என்று டாக்டர் முருகேசுவுக்குத் தெளிவாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

நான் படித்துக்கொண்டது இதுதான். நோயாளிப் பிள்ளை தன் நோயைப் பற்றி நேராகப் பேசாது. பார்த்த படத்தைப் பற்றிக் கேட்டால் பேசும். பேசும்போது நடுவில் குறுக்கே போய்ப் புத்தி சொல்லாதீர்கள். பேசி முடியும்வரை கேளுங்கள். அதனால் பிழைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். தனுஷிகா பிழைக்கவும் இல்லை. இருந்த காலத்தில் அவள் வெட்கப்படாமல் இருந்தாள், அவ்வளவுதான்.

அவள் போன பிறகு வந்த முதல் கிளினிக் நாளில், முருகேசு வாட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க முருகேசு?"

"தெரியலக்கா. காலையில எந்திரிச்சேன். கால் தானா பஸ்ஸுக்கு வந்துருச்சி."

உள்ளே ரிஸ்னா அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய உம்மா மருந்து எடுக்கக் கீழே போயிருந்தாள். அழுகிற பிள்ளை கையை ஆட்டினால் கெனியூலா விலகும். நான் முருகேசுவை உள்ளே கூப்பிட்டு அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

ரிஸ்னா அவரைப் பார்த்து அழுகையை நிறுத்தினாள். "நீங்க அந்த ராத்தாட வாப்பாதானே? ராத்தா எங்க?" என்று தனுஷிகாவை அக்கா முறை வைத்துக் கேட்டாள்.

"இன்னைக்கி வரலம்மா" என்றார் முருகேசு.

உம்மா திரும்பி வந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. பேக் முடியும்வரை அந்தச் சின்னக் கையை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.